சேலைக் கூடையில் மரநாய்

"வனக்காவலர் என்பவர் திடமான உடற்கட்டும் கூர்மையான பார்வையும் உடையவராக, அடர்ந்த காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இரவு பகல் பாராமல் தனித்து ரோந்து செல்ல வல்லவராக, கொடிய விலங்குகளை அச்சமின்றி எதிர்கொள்பவராக இருத்தல் வேண்டும்."

சௌந்தரம் பார்த்துவந்த வேலைக்கு எழுதிவைக்கப்பட்டிருந்த விளக்கம் இது. சௌந்தரத்துக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கண்ணாடி இல்லாவிட்டால் வருகிற பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். கடலூர்ப் பக்கம் மலை என்று பேர் வைத்துக்கொண்டிருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். டவுன் பஸ்ஸே மூச்சு வாங்காமல் அதில் ஏறிவிடும். காடு என்றால் பிச்சாவரம். அது தண்ணீரில் நிற்கிறது, படகில் போக வேண்டும், படகு அசைந்தால் அவளுக்குக் குமட்டும். கொடிய விலங்குகளில் அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது பல்லி.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. கணவர் உத்திராபதி வனக்காவலராக இருந்தார். மேலே சொன்ன விளக்கம் அவருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும். காட்டிலும் சேற்றிலும் ஒன்றும் ஆகாத மனிதரை, இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கார்த்திகை மாதம், வீட்டுக் கட்டிலில் மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. அடுத்த மாதமே கடல் பொங்கி வந்து, தேவனாம்பட்டினத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில், காமாலையில் இறந்தவரின் மனைவி என்று சொல்லிக்கொண்டு கையில் மனுவோடு நிற்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மனுவுக்குக் கூச்சம் கிடையாது. அது தன் பாட்டுக்கு மேசை மேசையாக நகர்ந்து, சில வருஷம் கழித்துக் கருணை அடிப்படையில் வேலையாகத் திரும்பி வந்தது.

சிதம்பரத்தில் ஆபீஸ், கடலூர் கூடுதல் பொறுப்பு. ஆரம்பத்தில் அவளுக்குக் காகிதக் கட்டுகளைத் தூசி தட்டும் வேலைதான் கொடுத்தார்கள். பிறகு ஊர் பெருத்தது. தோப்புகள் நகர்களாக மாறின. வெட்டிப்போட்ட மரத்தின் பேரையே பல நகர்களுக்கு வைத்தார்கள். அந்த மரங்களில் இருந்த பிராணிகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அவை பழைய முகவரியிலேயே இருந்தன. ஆபீசுக்குப் போன் வர ஆரம்பித்தது. பாம்பு என்றால் தீயணைப்புக்காரர்கள் போனார்கள். குரங்கு, கூகை, உடும்பு, மரநாய் எல்லாம் சௌந்தரத்தின் தலையில் விழுந்தன. ரேஞ்சர் அதற்கு ஒரே காரணம்தான் சொன்னார்: "பொம்பள போனா வூட்டுக்குள்ள விடுவாங்க."

விட்டார்கள். விட்டபிறகு ஏமாந்தார்கள். வலையோடும் கம்போடும் நாலு ஆட்கள் ஜீப்பிலிருந்து குதிப்பார்கள் என்று காத்திருந்தவர்கள் முன்னால், கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கனத்த அம்மாள் ஷேர் ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்குவாள். இறங்கியவள் பிராணியைத் தேடவும் மாட்டாள். அடுப்பங்கரை, குப்பைக்கூடை, கொல்லை என்று வீட்டைப் பார்ப்பாள். சிதம்பரத்தில் ஒரு வக்கீல் மொட்டைமாடியில் குரங்கு என்று கூப்பிட்டிருந்தார். சௌந்தரம் மாடிப்படியே ஏறாமல், மாடியில் என்ன காயப்போடுவீர்கள், யார் எடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா இது, எங்க வூட்டம்மாவ விசாரிக்க வந்த மாதிரி இருக்குது?" என்றார் வக்கீல்.

"குரங்க விசாரிக்க முடியாதுங்களே சார்."

விஷயம் என்னவென்றால், சட்டம் அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. பிராணியைக் கொல்லக் கூடாது. பிடிக்கக் கூடாது. பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விட வேண்டுமென்றாலும் சென்னையிலிருக்கும் பெரிய அதிகாரியின் அனுமதி வர வேண்டும். ஆக, வீடுகளிலிருந்து பிராணிகளை வெளியேற்றும் வேலையில் இருந்தவளுக்கு வெளியேற்றும் அதிகாரம் இல்லை. இந்த நிலைமையில் ஒரு மனுஷி என்ன செய்ய முடியுமோ அதைத்தான் அவள் செய்தாள்: பிராணியாகவே போகும்படி பார்த்துக்கொண்டாள். எதற்காக வந்ததோ அதை எடுத்துவிடுவது. போன பிறகு வந்த வழியை அடைப்பது. இரண்டுக்கும் நடுவில் காத்திருப்பது. காத்திருப்பதற்குச் சம்பளமா என்று ஊரில் கேட்டார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிய ஒரு நாள் இருக்கும்போது தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இரண்டு வகை. மனிதர்களுக்கு நிவாரணம் அறிவித்தார்கள். மரநாய்கள் டவுனுக்கு வந்தன.

பேரில்தான் நாய். பார்க்கப் பூனை அளவு உடம்பு, கீரி மூஞ்சி, உடம்புக்குச் சமமாக ஒரு வால். பகலில் தூங்கும், இருட்டினால் பழம் தேடும். மரப்பொந்து கிடைக்காவிட்டால் வீட்டுக் கூரை போதும்.

சித்திரை மாதம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் ராஜமாணிக்கம். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்தார். கோயில் தெருக்களுக்குப் பின்னால் பழைய சீமை ஓட்டு வீடு. சௌந்தரம் போய் இறங்கியபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆளுங்க எங்கம்மா?"

"நாந்தாண்ணே ஆளு."

"வலை, கூண்டு?"

"இல்லண்ணே."

"ஒரு குச்சியாவது?"

"மொதல்ல பாத்துடறண்ணே."

ராஜமாணிக்கம் தெருக்கோடி வரை ஒருமுறை எட்டிப் பார்த்தார், பின்னால் ஜீப் எதுவும் வருகிறதா என்று. பிறகு அவளை உள்ளே கூட்டிப்போய் ஒரு பலாப்பழத்தைக் காட்டினார். பழத்தின் பக்கவாட்டில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே சுளை ஒன்றும் மிச்சமில்லை.

"தோப்பே சாஞ்சப்ப சாயாம நின்ன ஒத்த மரம்மா. அதுல மொத பழம். எம் பொண்ணுக்குன்னு கொண்டாந்து வெச்சேன்."

"பழுத்த பக்கமா பாத்துத்தான் கடிச்சிருக்குதுண்ணே."

"அதத்தான் நானும் பாத்தேன். சின்ன வயசுலேர்ந்து தட்டிப் பாத்து வாங்கறவன் நான். எனக்கே அந்தப் பக்கம் பழுத்தது தெரியல." கோபத்துக்கு நடுவில் அவர் குரலில் ஒரு தொழில்காரரின் மரியாதையும் தெரிந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "குருணை மருந்து. ரெண்டு சுளையில வெச்சிட்டா விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். எங்க வூட்ல வேணாங்கறா. அதான் ஒங்களக் கூப்புட்டேன். ஒங்களால ஆவலன்னா சொல்லுங்க."

பொட்டலத்தைப் பார்த்த பிறகு சௌந்தரத்துக்கு அவசரம் வந்தது. அவசரம் வந்தால் அவள் இன்னும் மெதுவாகத்தான் பேசுவாள்.

"எந்த வழியா வருதுண்ணே?"

வடக்கு மூலையில் புயல் நாலு ஓட்டைத் தூக்கிப்போட்டிருந்தது. நாலு மாதமாகியும் அந்த இடம் திறந்தே கிடந்தது. கூரைக்கும் கூடத்துக்கும் நடுவில் மரப்பலகை மச்சு; ஏணி வைத்து ஏற வேண்டும்.

"ஏண்ணே இன்னும் ஓடு மாத்தல?"

"புள்ளத்தாச்சி இருக்கற வூடும்மா. இடிக்கறது, அடைக்கறது, ஆணி அடிக்கறது ஒன்னும் கூடாதுன்னுட்டா. பொண்ணு மூணாம் மாசமே வந்துட்டுது. மாப்பிள துபாய்ல இருக்கறாரு. அது பெத்து எழுந்திரிக்கற வரைக்கும் இந்த வூட்ல ஒரு ஆணி எறங்காது."

சௌந்தரம் ஏணியில் ஏறினாள். பாதி ஏணியிலேயே அந்த வாசனை வந்துவிட்டது, புது அரிசி உலையில் கொதிக்கிற வாசனை. மரநாய் தான் குடியிருக்கும் இடத்தில் தடவிவைக்கும் வாசனை அது. தெரியாதவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போவார்கள். மச்சில் தலையை நீட்டியதும் உத்தரத்திலிருந்து ஒரு பல்லி அவள் தோள்மேல் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் கீழே ராஜமாணிக்கம் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கடிச்சிட்டுதாம்மா?"

"பல்லிண்ணே."

ராஜமாணிக்கம் ஏணியை விட்டுவிட்டார்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். மச்சின் கடைசியில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை. சேலைமேல் மூன்று குட்டிகள், கண் பாதி திறந்தும் திறக்காமலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் தாய், பல்லைக் காட்டி ஒருமுறை சீறிவிட்டு, மேற்கொண்டு என்ன என்பதுபோல் பார்த்தது. கூடைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வாழைப்பழத் தோல், உதிர்ந்த சாமந்தி, அணைந்த அகல். பழம் நேற்று வைத்ததாக இருக்க வேண்டும். சௌந்தரம் வந்த வேகத்தில் கீழே இறங்கினாள், அதாவது ஒவ்வொரு படியாக.

"அந்தக் கூடை யாருதுண்ணே?"

ராஜமாணிக்கத்தின் முகம் மாறியது. "பெரிய பொண்ணுது" என்றார்.

பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணை அந்தப் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அவளுக்கென ஒரு புதுச்சேலையைக் கூடையில் வைத்து உயரத்தில் ஏற்றிவிட்டால், அடுத்த படையல் வரை அதை யாரும் தொடக் கூடாது. ராஜமாணிக்கத்தின் மூத்த மகள் இளவரசி, ஏழு வருஷத்துக்கு முன்னால், தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். முறைப்படி சேலை வைத்துக் கும்பிட வேண்டியது புகுந்த வீடு. அவர்கள் மகனுக்கு மறுகல்யாணம் செய்த வேகத்தில் அதை மறந்துவிட்டார்கள். ஆகவே பிறந்த வீடே கூடை வைத்தது. அந்தக் கூடையில்தான் இப்போது மரநாய் குட்டி போட்டிருந்தது.

"இனிமே மருந்து வெச்சா தப்புண்ணே. சட்டப்படி ஜெயிலு."

"மூணு தலமொறத் தோப்ப ஒரே ராத்திரில சாச்சுதே காத்து, அதுக்கு எந்த சட்டத்துல ஜெயிலு?"

சௌந்தரம் சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டாள். "சரிண்ணே, வைங்க. தாய் எங்கியாவது போயி சாவும். குட்டி மூணும் கூடையிலயே சாவும். நாறும். எடுக்கணும்னா கூடையத் தொடணும். ஒரு குட்டி பலக சந்துல பூந்து செத்துட்டா பலகைய ஒடைக்கணும். ஒடைக்காம வுட்டா, புள்ளத்தாச்சி தலைக்கு நேரா மேல மூணு பொணம்."

ராஜமாணிக்கம் மச்சை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, "எங்கியாவது கொண்டுபோயித் தொலைங்க" என்றார். மேற்படி சட்டத்தின் கீழ் அந்த வட்டாரத்தில் அந்த வருஷம் நடந்த ஆகச்சிறந்த அமலாக்கம் இதுவாகத்தான் இருக்கும். அதில் சட்டத்துக்குப் பங்கில்லை.

"எப்பதான் போவும்?"

"குட்டி நடக்கட்டும்ணே. நடந்துட்டா அதுவே கூட்டிக்கிட்டுப் போயிடும்."

"அதுக்குள்ள எம் பொண்ணே பெத்துடும்மா."

"அப்ப அதுவரைக்கும் ரெண்டு பேரையும் பாத்துக்குங்க."

தெருவில் இறங்கியபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சின்ன மகள் இலக்கியா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"அக்கா, மேல இருக்கறது என்னான்னு எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஏம்மா, அவுங்க என்னா சொல்றாங்க?"

"அக்கா வந்திருக்குதாம். எனக்குக் காவலா மேல நடக்குதாம். சோறு வேவற வாசன வருதில்ல, அதுதான் அடையாளமாம். தெனம் வெளக்கு வெச்சிப் பழம் வெக்கிறாங்க." இலக்கியா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்க அக்கா தலைப்பிரசவத்துல போச்சு. எனக்கும் இது தலைப்பிரசவம். எனக்கு அது காவலுக்கு நடக்கற மாதிரி இல்லக்கா. கூப்புடற மாதிரி இருக்குது. தூக்கமே வரல."

"மரநாயிம்மா அது."

"எனக்குத் தெரியும். அம்மா சொல்றப்ப தெரியறதெல்லாம் மறந்துபோவுது."

மரநாய் ஏன் வந்தது, ஏன் போகாது என்பது சௌந்தரத்துக்கு அங்கேயே விளங்கிவிட்டது. வந்தது புயலால். இருந்தது தட்டால். கூரைக்குள் ராத்திரிதோறும் பழம் வந்து இறங்குமானால் எந்தப் பிராணியும் வெளியே போய் உழைக்காது. தட்டை நிறுத்த வேண்டும். தட்டை நிறுத்த வேண்டுமென்றால், இலக்கியாவின் அம்மா கொளஞ்சியம்மாளிடம் போய், இத்தனை நாள் மகளுக்கு என்று நீ வைத்ததெல்லாம் ஒரு மரநாய் தின்றது என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பேச்சைச் சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் அவள் பலமுறை தயார் செய்தாள். புதுச்சத்திரம் வரை நன்றாகத்தான் வரும். ஆலப்பாக்கம் தாண்டினால் வார்த்தை ஒன்றொன்றாக உதிரும். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது கையில் ஒன்றுமிருக்காது. வாரம் ஒருமுறை போனாள். ஏணியில் ஏறிக் குட்டிகளைப் பார்த்தாள். கொளஞ்சியம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தாள். அன்று கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எப்போது வரும் என்று இருவரும் பேசினார்கள். அந்தக் கோடையில் அதைப் பேசி முடிக்கவே நேரம் போதாது. புறப்படும்போது தட்டில் புதுப்பழம் இருக்கும். உத்திராபதி இறந்த புதிதில் யாரும் தன்னிடம் எதையும் நேராகச் சொல்லாமல் காப்பி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், அது தனக்குப் பிடிக்கவில்லை என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தும் காப்பியைத்தான் குடித்தாள்.

குட்டிகள் கூடையைவிட்டு வெளியே வந்து மச்சில் ஓட ஆரம்பித்தன. அதன் சத்தத்தில் இலக்கியாவின் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. வைகாசி நடுவில் ஒரு நாள் சௌந்தரம் நேராக அடுப்பங்கரைக்கே போனாள். கொளஞ்சியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல சோறு வேவற மாதிரி ஒரு வாசன வருதில்ல."

"ஆமா."

"அது வந்துக்கா, நாம நெனக்கற மாதிரி…"

"மரநாய் மூத்தரம். அதுக்கு என்னா இப்ப?"

சௌந்தரம் அம்மிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும். பூவாடைக்காரிக்கு அவ்ளோ நீட்டு வாலா இருக்கும்? நீ ஒவ்வொரு வாட்டியும் ஏதோ சொல்ல வர, காப்பியக் குடிச்சிட்டுப் போயிடற. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன்."

வீட்டுக்காரர்களைப் பார்த்தே பிராணியைக் கண்டுபிடிக்கிறவள் என்று பேர் வாங்கியவள், இந்த வீட்டுக்காரியைச் சரியாகப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏங்க்கா பழம் வெச்சீங்க?"

கொளஞ்சியம்மாள் கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "மொத நாளு நெசமா அவதான்னு நெனச்சன். நடக்கற சத்தம் கேட்டதும் தட்ட எடுத்துக்கிட்டு ஏறனன். மறுநாளு ஏறுனா, இது உத்தரத்துல நிக்கிது, வவுத்தத் தள்ளிக்கிட்டு. என்னைப் பாக்குது. அப்புறம் எடம் தேடுச்சு பாரு, அங்கயும் இங்கயும் மோந்து மோந்து. கடைசில போயி அந்தக் கூடையில சுருண்டுச்சு. அவ சேலையில. என்னா பண்ணச் சொல்ற? புள்ளத்தாச்சிய வெரட்டுன வூடுன்னு ஆயிட்டா, நாளைக்கு எம் பொண்ணுக்குல்ல வந்து விடியும்? ஒரு வாயி பழம் வெச்சா கொறஞ்சா போயிடுவோம்?"

"அப்ப இலக்கியாகிட்ட ஏன் அக்கா வந்திருக்கான்னு சொன்னீங்க?"

"தைரியமா இருக்கட்டும்னு சொன்னன். எனக்கும் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு." அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு, "சொன்னா நல்லாருந்துச்சு" என்றாள்.

"அவளுக்குப் பயமா இருக்குதாம்க்கா. அக்கா தன்னையும் கூப்புடுதுன்னு நெனக்கிறா. ராத்திரில தூங்கறதில்ல."

கொளஞ்சியம்மாளின் கை நின்றது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சௌந்தரம்தான் எழுந்துபோய் இறக்கிவைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு, சௌந்தரத்திடம் அல்லாமல் பொதுவாக, "எங்கிட்ட எப்பிடிச் சொல்லும்?" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"இலக்கியா. மேல இருக்கறது ஒங்க அக்கா இல்ல. மரநாயி. மூணு குட்டி போட்டிருக்குது."

இலக்கியா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப தெனம் வெளக்கு வெச்சது?"

"அதுக்குத்தான்."

"மரநாய்க்கா?"

"இருட்டுல அது எப்பிடித் திங்கும்?"

இலக்கியா சிரித்தாள். வயிறு குலுங்கி வலித்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வாசற்படியில் நின்ற சௌந்தரத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டன். அதப் போவச் சொல்றது ஒன் உத்தியோகம். என்னால ஆவாது."

அன்றிலிருந்து தட்டை இடம் மாற்றினார்கள். முதலில் மச்சிலிருந்து கொல்லை மதிலுக்கு. நாலைந்து நாள் கழித்து, மதிலுக்கு அந்தப்புறம் மூடிக்கிடந்த அரிசி மில்லுக்கு. அங்கே வயிற்றில் பெரிய பொந்தோடு ஒரு பழைய இலுப்பை மரம் இருந்தது. பழம் தினமும் ஒன்று குறைந்தது. பகலில் அதைத் தூங்கவிடாமல் மச்சில் ஒரு ட்ரான்சிஸ்டரை ஓடவிட்டார்கள். புதுச்சேரி வானொலியில் விவசாயிகளுக்கான உரை வரும்போதெல்லாம் ராஜமாணிக்கம், "இத நானே தாங்க மாட்டன். வாயில்லா ஜீவன் என்னா பண்ணும்?" என்பார். ஆனால் பேட்டரி தீர்ந்தால் அவர்தான் வாங்கிவந்து போட்டார்.

ஆனி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், வெளிச்சம் முழுசாகப் போவதற்குள், தாய் ஓட்டைவழியாக வெளியே வந்தது. ஓட்டின்மேல் நின்று காற்றை மோந்தது. பின்னால் ஒரு குட்டி, இன்னொன்று. மூன்றாவது தலையை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. கொல்லையில் நாலு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"கடைசிக் குட்டி மக்கு" என்றார் ராஜமாணிக்கம் ரகசியமாக.

"சும்மாருங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

தாய் திரும்பிப்போய் அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்தது. மதில்மேல் வரிசையாக நடந்து மில்லுக்குள் இறங்கின. கொளஞ்சியம்மாள் அவை போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இலக்கியா அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அந்த மாதக் கடைசியில் இலக்கியாவுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து, தீட்டுக் கழிந்த பிறகு, இனி ஓட்டை அடைக்கலாம் என்று ராஜமாணிக்கம் போன் செய்தார். சௌந்தரம் கம்பி வலையோடு போனாள். கொளஞ்சியம்மாள் ஏணிக்கடியில் காத்திருந்தாள்.

"அந்தக் கூடைய எறக்கிக் கொடு."

சௌந்தரம் தயங்கினாள். சுமங்கலியாகப் போனவளின் சேலை அது. புருஷனை இழந்தவள் தொடுவதில்லை. "நான் தொடக் கூடாதுக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"மரநாயி குட்டி போட்டுப் பேண்டு வெச்ச கூடை. நீ தொட்டு அதுக்கு மேல என்னா தீட்டு ஆயிடப் போவுது?" என்றவள், குரலை இறக்கி, "நான் ஏறுனன்னா எறங்க மாட்டன் சௌந்தரம். நீயே எடு" என்றாள்.

சௌந்தரம் ஏறினாள். மச்சின் நாலு மூலையிலும் குட்டி எதுவும் தங்கிவிடவில்லை என்று முழங்காலால் ஊர்ந்து பார்த்தாள். கூடையைக் கொண்டுவந்து கொளஞ்சியம்மாளின் கையில் இறக்கிக் கொடுத்தாள். பிறகு மறுபடியும் ஏறி, ஓட்டைக்குக் கம்பி வலை வைத்து அடைத்தாள்.